கத்திப் பாடினால் பாரம் இறங்குமா?

டெல்லியைச் சேர்ந்த பிளடிவுட் என்ற மெட்டல் குழு 2018இல் 'ஜீ வீரே' என்றொரு பாட்டை வெளியிட்டது. மன அழுத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காகவே எழுதிய பாட்டு. இப்படிப் பாட்டு எழுதியவர்கள் உலகத்தில் ஏராளம். பிளடிவுட் அதோடு நிற்கவில்லை. இணைய வழியில் மனநல ஆலோசனை தரும் ஒரு நிறுவனத்தோடு கைகோத்து, 60 தனிநபர் ஆலோசனை அமர்வுகளுக்கு முன்கூட்டியே பணம் கட்டி ரசிகர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. பாட்டைக் கேட்டு மனம் கலங்கியவர், அடுத்து யாரிடம் போய்ப் பேசுவது என்று முழிக்க வேண்டியதில்லை. பேச ஆள் தயாராக இருந்தது.

அப்போது அவர்கள் பெரிய பெயரெடுத்த குழுவும் இல்லை. முதல் வெளிநாட்டுச் சுற்றுப்பயணமே அடுத்த ஆண்டுதான் நடந்தது.

பிளடிவுட் ஒரு கிண்டலாகத் தொடங்கிய குழு. வழக்கறிஞர் வேலையை உதறிவிட்டு வந்த கரண் கட்டியாரும், அடித்தொண்டையிலிருந்து உறுமிப் பாடும் ஜெயந்த் பதூலாவும் 2016இல் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளை எடுத்து, மெட்டல் பாணியில் போட்டு நொறுக்கி யூடியூபில் ஏற்றினார்கள். பெயரிலேயே பாலிவுட் மீதான நையாண்டி இருக்கிறது. பிறகு ரவூல் கெர் என்ற ராப் பாடகர் வந்து சேர்ந்தார். விளையாட்டு மெல்ல வினையாகி, சொந்தப் பாட்டுகள் வரத் தொடங்கின. எலெக்ட்ரிக் கித்தாருக்கு நடுவில் பஞ்சாபி டோலும் தும்பியும் புல்லாங்குழலும் புகுந்தன. பள்ளியில் நடக்கும் சீண்டல்கள், பிரிவின் துயரம், பெண்கள் மீதான வன்முறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. 2019இல் ஜெர்மனியின் வாக்கன் கிராமத்தில் நடக்கும் மாபெரும் மெட்டல் திருவிழா மேடையில் ஏறினார்கள். 2022 பிப்ரவரியில் 'ரக்ஷக்' என்ற தொகுப்பு வந்தது. 'ஜீ வீரே' அதிலும் இடம்பெற்றது.

கோவைக்கு இதெல்லாம் எவ்வளவு தூரம்? கோவையில் வளர்ந்து நாடறிந்த இன்றைய இசைக்காரர் என்றால் ஹிப்ஹாப் தமிழா ஆதியைத்தான் சொல்வார்கள். அது ராப், வேறு தெரு. ஆனால் ராக்கும் மெட்டலும் கொங்கு நாட்டுக் காதுகளுக்கு அந்நியமில்லை. பீளமேட்டிலிருந்து சத்தியமங்கலம் வரை பொறியியல் கல்லூரி விடுதிகளில் இருபது ஆண்டுகளாக அமெரிக்க ராக் குழுவான லிங்கின் பார்க் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கல்லூரி விழா மேடையில் நாலு பையன்கள் கித்தாரும் டிரம்ஸுமாக ஏறினால், பாதிக் கூட்டம் காதைப் பொத்தும். மீதிக் கூட்டம் மேடைக்கு முன்னால் போய் நிற்கும்.

காதைப் பொத்துகிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இது ஏன் இப்படி இரைகிறது என்று கேட்டால் விடை எளிது. ஊர் மாரியம்மன் நோன்பியில் குழாய் ரேடியோவை அளவுக்கு மீறி வைத்தால் பாட்டு கரகரவென்று உடையும் இல்லையா, மெட்டல் கித்தாரில் நடப்பதும் அதேதான். ஆம்ப்ளிஃபயர் தாங்குவதைவிட அதிகமான மின்சைகை உள்ளே போகும்போது, ஒலி அலையின் மேல்முனையும் கீழ்முனையும் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையிலிருந்து மூல சுரத்தில் இல்லாத பல புதிய சுரங்கள் கிளம்பும். தட்டையான கம்பி ஓசை முரட்டுத்தனமாகத் தடித்துவிடும். மைக் செட்டுக்காரர் இதைப் பிழை என்று திருகிச் சரிசெய்வார். கித்தார்க்காரர் வேண்டுமென்றே வரவழைக்கிறார்.

உறுமலும் அப்படியே. குரல்வளையில் நாம் பேசப் பயன்படுத்தும் மடிப்புகளுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் இருக்கின்றன. சாதாரணப் பேச்சில் அவற்றுக்கு வேலை இல்லை. உறுமிப் பாடுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றை அதிரவைக்கிறார்கள். பயிற்சி இல்லாமல் கத்தினால் இரண்டே நாளில் தொண்டை கட்டிக்கொள்ளும். கேட்பவருக்கு வெறி பிடித்த கூச்சலாகத் தெரிவது, பாடுகிறவருக்கு மூச்சை அளந்து செய்கிற காரியம்.

கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். அது பஞ்சாலைகளை வைத்துச் சூட்டிய பட்டம். ஃபவுண்டரி, லேத் பட்டறை, பம்புசெட், மோட்டார் என்று பார்த்தால் இங்கிலாந்தின் பர்மிங்காம்தான் கோவைக்கு உண்மையான அண்ணன். மெட்டல் இசை பிறந்ததும் அந்த பர்மிங்காமில்தான். டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் 1965இல் அங்கே தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தான். வேலையை விட்டு நிற்க வேண்டிய கடைசி நாளில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் இயந்திரத்தில் போய்விட்டன. இடக்கைப் பழக்கமுள்ள அவனுக்குக் கித்தார் கம்பியை அழுத்த வேண்டியதே அந்த வலக்கை விரல்கள்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டான். வலி தாங்குவதற்காகக் கம்பிகளின் முறுக்கைத் தளர்த்தினான். தளர்ந்த கம்பியிலிருந்து தாழ்ந்த, கனத்த ஓசை வந்தது. 1968இல் அவனும் ஆஸி ஆஸ்பர்னும் கீஸர் பட்லரும் பில் வார்டும் சேர்ந்த குழுதான் பிளாக் சப்பாத். பட்டறை விபத்து ஒன்று உலக இசையின் ஒரு கிளைக்கே சுருதி கூட்டிவிட்டது. விரல் போன கையோடு பட்டறையில் நின்று வேலை பார்க்கும் ஆட்களைக் கோவையின் கணபதியிலும் துடியலூரிலும் இன்றும் பார்க்கலாம். அவர்களுக்கு அயோமியின் கதை உடனே புரியும்.

அந்தக் குழுவின் புகழ்பெற்ற பாட்டான 'பாரனாய்ட்' 1970இல் வந்தது. தொகுப்பில் இடம் மிச்சமிருந்ததால் அவசரமாகப் போட்ட பாட்டு. வரிகளை எழுதியவர் பட்லர். எழுதும்போது தனக்கே மனச்சோர்வு இருந்தது என்றும், அக்கால மருத்துவரிடம் போனால் நாயைக் கூட்டிக்கொண்டு காலார நடந்துவிட்டு வா என்கிற மாதிரியான யோசனைதான் கிடைக்கும் என்றும் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். நம்மூரில் "ஒரு எட்டு பழனிக்குப் போயிட்டு வந்தீங்கன்னா எல்லாஞ் செரியாப் போயிருமுங்க" என்று சொல்வதில்லையா, அந்த ரகம். மருத்துவரிடம் கிடைக்காத காதை அவர் பாட்டில் தேடிக்கொண்டார். மெட்டல் இசை தொடக்கத்திலிருந்தே மனநோவைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்டவர்கள் சத்தத்தை மட்டும் கேட்டார்கள்.

இப்படிக் கத்துகிற பாட்டைக் கேட்டால் பிள்ளைகளின் கோபம் இன்னும் ஏறாதா என்று பெற்றோர்கள் கவலைப்படுவது எல்லா நாட்டிலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் லியா ஷார்மன், ஜெனிவீவ் டிங்கிள் ஆகிய இருவரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வு 2015இல் வெளியானது. கடுமையான மெட்டலை வழக்கமாகக் கேட்கும் 18 முதல் 34 வயதுக்குள்ளான 39 பேரை அழைத்தார்கள். வாழ்க்கையில் தங்களுக்கு ஆத்திரமூட்டிய விஷயங்களைப் பற்றி 16 நிமிடம் பேசவிட்டு, கோபத்தைக் கிளறினார்கள். பிறகு பாதிப் பேர் தங்களுக்குப் பிடித்த பாட்டைப் பத்து நிமிடம் கேட்டார்கள். மீதிப் பேர் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக் கேட்டவர்களின் கோபம் ஏறவில்லை. சும்மா உட்கார்ந்தவர்களுக்கு இணையாகவே தணிந்தது. கூடவே கொஞ்சம் உற்சாகமும் வந்திருந்தது. முப்பத்தொன்பது பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. இந்த இசையே பிடிக்காதவரை உட்கார வைத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். ஆனாலும், விடுதி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனில் அலறலைக் கேட்கும் பையன் கெட்டுப்போகிறான் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம் என்பதற்கு இது போதும்.

கேட்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதும் ஆபத்து. லிங்கின் பார்க் கதை அதைக் காட்டுகிறது. கலிஃபோர்னியாவில் 1996இல் தொடங்கிய குழு அது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்துக்காரரான செஸ்டர் பென்னிங்டன் 1999இல் பாடகராகச் சேர்ந்தார். 2000 அக்டோபரில் 'ஹைப்ரிட் தியரி' வெளியானது. இந்த நூற்றாண்டில் அதிகம் விற்ற முதல் தொகுப்புகளின் வரிசையில் உச்சியில் நிற்பது அது. சிறுவயதில் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையையும், போதையோடும் மதுவோடும் நடத்திய போராட்டத்தையும் செஸ்டர் பேட்டிகளில் மறைத்ததில்லை. பாட்டுகளின் கருவும் பெரும்பாலும் அதுவே. கோடிக்கணக்கான இளைஞர்கள் அவர் குரலில் தங்கள் குரலைக் கேட்டார்கள். அவர் 2017 ஜூலை 20 அன்று தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 41. நெருங்கிய நண்பரும் இன்னொரு ராக் பாடகருமான கிறிஸ் கார்னெல் அதே ஆண்டு மே மாதம் அதே வகையில் போயிருந்தார். ஜூலை 20 கார்னெலின் பிறந்த நாள்.

மற்றவர்களுக்குத் தெம்பு கொடுத்த குரல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லையே என்று ரசிகர்கள் உடைந்துபோனார்கள். அந்தக் கேள்வியே கொஞ்சம் பிசகு. சர்க்கரை நோயைப் பற்றி அருமையாகப் பாடுகிறவருக்கு இன்சுலின் வேண்டாம் என்று யாரும் நினைப்பதில்லை. பாட்டு ஒரு பங்கு, சிகிச்சை வேறொரு பங்கு. செஸ்டரின் மனைவி தலிண்டா, அவர் போன பிறகு மனநலத்துக்கென ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். குழுவோ ஏழாண்டு மௌனத்துக்குப் பின் 2024இல் எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பாடகியோடு மீண்டும் மேடையேறியது.

இதில் கொங்கு நாட்டுக்கென்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. வலியை வாத்தியத்தோடு சேர்த்து ஊர் நடுவில் கத்தித் தீர்ப்பதை இங்கே யாரும் அமெரிக்காவிடமிருந்து கற்கவில்லை. அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடும் கலைஞர்கள் பொன்னர், சங்கர், தங்கை தங்காள் ஆகியோரின் கதையைப் பதினெட்டு இரவுகள் வரை நீட்டிப் பாடுவார்கள். கனடா நாட்டு மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கத்தில் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்து இந்தக் கதையை முழுதாக ஒலிப்பதிவு செய்தார். அண்ணன்மார் மடியும் கட்டம் நெருங்கும்போது உடுக்கை துரிதமாகும். பாடகரின் குரல் பாட்டிலிருந்து கதறலுக்கு மாறும். கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒருவர் உடம்பு நடுங்க எழுவார். எழுந்தவர் வெட்டுண்டவர் போல விழுவார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். படுகளம் என்று பெயர். விழுந்தவர்கள் பேச்சுமூச்சில்லாமல் கிடக்க, சுற்றி நிற்கும் சனம் அழும். பிறகு தங்காளின் இடத்தில் நிற்பவள் தண்ணீர் தெளிக்க, விழுந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்காருவார்கள். மறுநாள் காலையில் அவரவர் தோட்டத்துக்கு மடை திருப்பப் போய்விடுவார்கள்.

மெட்டல் கச்சேரியில் மேடைக்கு முன்னால் இளைஞர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஆடும் இடம் ஒன்று உண்டு. பார்க்க அடிதடி மாதிரி இருக்கும். அங்கே எழுதாத சட்டம் ஒன்றுதான்: யாராவது கீழே விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஆட்டத்தை நிறுத்தி அவரைத் தூக்கி நிறுத்த வேண்டும். படுகளமும் இதுவும் ஒன்றில்லை. அங்கே தெய்வம் இருக்கிறது, இங்கே டிக்கெட் இருக்கிறது. ஆனால் கூட்டத்துக்கு நடுவில் விழலாம், விழுந்தால் எழுப்ப ஆள் இருக்கும் என்ற தைரியம் இரண்டிலும் ஒன்றே.

சிக்கல் மிச்சமுள்ள நாட்களில்தான். வருடத்தில் ஒரு நாள் சாமி வந்து விழுந்தால் கும்பிடுகிற அதே ஊரில், சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில் "மனசு செரியில்லீங்க" என்று சொன்னால் என்ன ஆகும்? "நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு யாருங்க பொண்ணு குடுப்பாங்க?" என்ற கேள்விதான் முதலில் வரும். பகடிக்குக்கூட, சென்னையில் மனநல மருத்துவமனை இருக்கும் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரைச் சொல்லிச் சிரிக்கும் பழக்கம் சினிமா வழியாகக் கோவை வரை வந்து சேர்ந்திருக்கிறது. முற்றிய பிறகு சிலர் திருச்சி பக்கம் குணசீலம் கோவிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்கவைப்பார்கள். கோவிலுக்குப் போவது தப்பில்லை. ஆனால் 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்கா பக்கத்து மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகிய பிறகும், மருத்துவம் கடைசி வரிசையில்தான் நிற்கிறது.

பாரம் குறைந்த மண்ணுமில்லை இது. நாமக்கல், திருச்செங்கோடு வட்டார உறைவிடப் பள்ளிகளில் விடியற்காலையிலிருந்து இரவு வரை மதிப்பெண்ணுக்காகக் கசக்கப்படும் பிள்ளைகளைப் பார்த்து 'பிராய்லர் பள்ளி' என்ற பெயரை மக்களே வைத்தார்கள். கோழிப் பண்ணைக்கும் பள்ளிக்கும் பெயர்போன ஒரே வட்டாரம் என்பதால் அந்தக் கேலி சரியாக ஒட்டிக்கொண்டது. நூற்பாலை விடுதிகளில் ஊரைவிட்டு வந்து தங்கியிருக்கும் பெண்கள், நூல் விலை ஏறினால் தூக்கம் போகும் விசைத்தறிக்காரர்கள், ஏற்றுமதி ஆர்டரை நம்பிக் கடன் வாங்கிய திருப்பூர் முதலாளிகள் என்று வரிசை நீளம். நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, நூற்றுக்கணக்கான பட்டறைகளோடு அவற்றை நம்பியிருந்தவர்களின் கூலியும் நின்றது. ஆறு கெட்டதை அளக்கக் கருவி இருந்தது. அந்த மாதங்களில் வீடுகளுக்குள் என்ன கெட்டது என்று யாரும் அளக்கவில்லை.

பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே எட்டாதவர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில், தற்கொலைகளின் எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு: 19,834 பேர். நாடு முழுவதும் அந்த ஆண்டு இப்படி இறந்தவர்களில் மாணவர்கள் மட்டும் 13,044 பேர்.

சட்டம் ஓரளவு முன்னேறிவிட்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று தப்பியவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. உடல்நோய்க்குக் கொடுப்பது போலவே மனநோய் சிகிச்சைக்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. மெடிக்ளெய்ம் எடுத்திருக்கும் பலருக்கு இது தெரியாது. முகவர்களும் வலியப் போய்ச் சொல்வதில்லை.

கையில் காசில்லாதவருக்கும் வழி இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது. கூப்பிட்டு மொழியைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் தமிழிலேயே பேசுவார். பேசி முடிக்கும் விஷயம் என்றால் அங்கேயே முடியும். மருந்தோ மேல்சிகிச்சையோ வேண்டுமென்று பட்டால் மனநல மருத்துவரிடம், மாவட்ட மனநலத் திட்டத்திடம் அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிடம் வழிப்படுத்துவார்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. புற நோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் வாங்கும் அதே சீட்டுதான்.

பிளடிவுட் செய்ததை மறுபடியும் எண்ணிப் பார்த்தால், அது ஒன்றும் எட்டாத காரியமில்லை. கோவைக் கல்லூரிகளின் கலைவிழாக்களுக்கு நகைக்கடையும் ஜவுளிக்கடையும் விளம்பரம் கொடுக்கின்றன. மேடைக்குப் பின்னால் பேனர் முழுக்க அவற்றின் பெயர்கள்தான். இசைப்போட்டி நடக்கும் நாளில் அரங்குக்கு வெளியே ஒரு மேசையைப் போட்டு ஓர் ஆலோசகரை உட்காரவைக்க அந்தப் பணத்தில் ஒரு துளி போதும். வரிசையில் நின்றால் நாலு பேர் பார்ப்பார்களே என்று பையன்கள் தயங்குவார்கள் என்றால், பேனரின் ஒரு மூலையில் 14416 என்று அச்சடித்துவிடலாம். ஐந்தே இலக்கங்கள், தனிச் செலவும் இல்லை. கச்சேரி முடிந்து காது இரைச்சலோடு விடுதிக்கு நடக்கிறவன் செல்பேசியில் அந்தப் பேனரும் சேர்ந்துதான் படமாகியிருக்கும்.